நின்ற பந்தை அடித்தவர்கள்



காற்பந்து பார்க்கும் வீடுகளிலும் ஒட்டுக்கடைகளிலும் ஓயாமல் நடக்கும் வழக்கு ஒன்று உண்டு. ஃப்ரீ கிக் அடிப்பதிலே உலகில் தலைசிறந்தவர் யார் என்பதே அந்த வழக்கு. அப்பா ஜிக்கோ என்பார். அண்ணன் பெக்கம் என்பார். தம்பி மெஸ்ஸி என்பான். பக்கத்து வீட்டுப் பையன் ரொனால்டோவின் பெயரைச் சொல்லி, கால்களை அகட்டி நின்று மூச்சை இழுத்துவிட்டுக் காட்டுவான். பண்டமாரானிலும், கிள்ளானைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலும் இந்த வழக்கை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்.

இன்று அதை வரலாற்றின் துணையோடு சற்று விசாரித்துப் பார்ப்போம். இதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த வழக்கிலே நம் பிள்ளைகள் சொல்லும் பெயர்களெல்லாம் பெரும்பாலும் பிரேசிலிலும் ஐரோப்பாவிலும் அர்ஜெண்டினாவிலும் பிறந்தவர்களின் பெயர்களாகவே இருக்கின்றன. ஆனால் உலகத்திலேயே ஆண்டின் சிறந்த கோல் என்று பரிசு பெற்ற ஃப்ரீ கிக் ஒன்று நம் நாட்டிலே, பினாங்கிலே அடிக்கப்பட்டது. அதை அடித்தவரை எந்த வரிசையில் வைப்பது? அவரை மேலே தூக்கி வைப்பதா, ஏதோ ஒரு நாள் அதிர்ஷ்டம் என்று ஒதுக்குவதா? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், மற்றக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் ஃப்ரீ கிக் என்பது என்ன என்று பார்ப்போம். ஆட்டத்திலே ஒருவனைத் தடுக்கி விழச் செய்தாலோ, பிடித்து இழுத்தாலோ, பந்தைக் கையால் தொட்டாலோ நடுவர் ஊதலை ஊதுகிறார். ஆட்டம் நிற்கிறது. தவறுக்கு ஆளான குழுவிடம் பந்து கொடுக்கப்படுகிறது. பந்து அசையாமல் கிடக்கும். எதிரிகள் விலகி நிற்க வேண்டும். ஓடி ஆடும் ஆட்டத்திலே ஒருவனுக்கு நின்று நிதானித்து யோசிக்க நேரம் கிடைப்பது இது போன்ற சில தருணங்களில்தான்.

தொடக்க காலத்திலே இப்படிக் கிடைத்த பந்தை நேரே கோலுக்குள் அடித்தால் அது கோலாகக் கணக்கிடப்படவில்லை. வேறொருவர் தொட்ட பிறகே கோல் ஆகும். 1903ஆம் ஆண்டில்தான் இந்த விதி மாறியது. சில தவறுகளுக்குக் கிடைக்கும் ஃப்ரீ கிக்கை நேரடியாகவே கோலுக்குள் அடிக்கலாம் என்று விதி வகுத்தனர். எதிரிகள் 6 கஜ தூரத்துக்கு அப்பால் நின்றால் போதும் என்று அப்போது இருந்தது. 1913இல் அது 10 கஜமாக உயர்ந்தது. இன்றும் அதே தூரந்தான். மீட்டர் கணக்கிலே சொன்னால் 9.15 மீட்டர்.

நேயர்களே, விதி செய்ததை மனிதன் சும்மா விடுவானா? தூரத்தைக் கூட்டினார்கள். உடனே எதிரிகள் நான்கு ஐந்து பேர் தோளோடு தோள் சேர்த்துச் சுவராக நின்றார்கள். கோலின் ஒரு பக்கத்தைச் சுவர் மறைக்கும். மறு பக்கத்தைக் கோல் காவலர் பார்த்துக்கொள்வார். ஆக, தவறுக்கு ஆளானவனுக்கு விதி தருவது ஒரு வாய்ப்பு மட்டுமே. கோலை அது தருவதில்லை. எழுதி வைத்த உரிமை ஒன்று கைக்கு வந்து சேர நாமும் முயல வேண்டியிருக்கிறது என்பதைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சுவரைக் கடப்பது எப்படி? வரலாற்றிலே இதற்கு மூன்று வழிகள் தோன்றின. ஒன்று, வளைத்து அடிப்பது. இரண்டு, சுழலாமல் மிதக்கவிட்டு அடிப்பது. மூன்று, பெருவேகத்தோடு அடிப்பது. மாபெரும் வீரர்கள் எல்லாரும் இவற்றுள் ஒன்றையோ, இரண்டைக் கலந்தோ கையாண்டவர்களே.

வளைத்து அடிப்பதன் சூட்சுமத்தை எளிதாகச் சொல்லலாம். பந்தின் நடுவிலே உதைத்தால் அது நேராகப் போகும். ஓரத்திலே உதைத்தால் சுழன்றுகொண்டே போகும். சுழலும் பந்தின் ஒரு பக்கம் எதிர்க்காற்றோடு சேர்ந்து ஓடுகிறது. மறு பக்கம் எதிர்க்காற்றோடு மோதுகிறது. அதனால் பந்தைச் சுற்றிப் போகும் காற்று ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. பந்து அதற்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளப்படுகிறது. இதை 1852இல் ஆராய்ந்து விளக்கிய ஜெர்மானிய அறிஞர் மேக்னஸ் என்பவரின் பெயராலேயே இதை மேக்னஸ் விளைவு என்று அழைக்கின்றனர். அவர் ஆராய்ந்தது பீரங்கிக் குண்டு ஏன் விலகிப் போகிறது என்பதை. அந்த அறிவு பின்னாளில் பந்தின் போக்கை விளக்கவும் உதவியது.

சுழலாத பந்தின் கதை வேறு. சுழற்சி இல்லாத பந்தின் மேல் காற்று ஒரு நேரம் இந்தப் பக்கமும், ஒரு நேரம் அந்தப் பக்கமுமாகப் பிடித்து இழுக்கும். பந்து தள்ளாடும். எங்கே போகும் என்று கோல் காவலருக்குத் தெரியாது. அடித்தவருக்கே கூட முழுதாகத் தெரியாது.

இனி, வீரர்களை வரிசையாகக் காண்போம்.

முதலில் நிற்பவர் பிரேசில் நாட்டு டிடி. ரப்பர்த் தோட்டத்திலே வாழ்ந்தவர்கள் இவருடைய அடியை உடனே புரிந்துகொள்வர். பிப்ரவரி, மார்ச் மாதங்களிலே பால்மரங்கள் இலையுதிர்ப்பதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? காய்ந்த இலை நேராக விழாது. மேலே சற்று மிதக்கும், பக்கத்தில் ஆடும், பிறகு திடீரென்று கீழே இறங்கிவிடும். டிடியின் பந்தும் அப்படித்தான் இறங்கியது. ஆகவே பிரேசில் மக்கள் அதற்குக் காய்ந்த இலை என்றே பெயர் வைத்தனர். கணுக்காலில் பட்ட காயத்தால் வலிக்காமல் அடிக்க வழி தேடியபோதே இந்த அடி பிறந்தது என்று சொல்வர். 1957 ஏப்ரலில் ரியோ நகர் மரக்கானா அரங்கிலே பெருவுக்கு எதிராக அவர் அடித்த இத்தகைய ஃப்ரீ கிக் ஒன்றுதான் பிரேசிலை 1958 உலகக் கிண்ணத்துக்கு அனுப்பியது. அந்த ஆட்டத்தின் ஒரே கோல் அது. அடுத்த ஆண்டு சுவீடனில் பிரேசில் முதன்முறையாக உலகக் கிண்ணத்தை வென்றது. ஒற்றை அடி ஒரு நாட்டின் வரலாற்றுக்கே வாசல் திறந்தது.

அடுத்து ரிவெலினோ. இவர் வேகத்தின் வழியைச் சேர்ந்தவர். 1974 உலகக் கிண்ணத்திலே கிழக்கு ஜெர்மனியின் சுவருக்கு நடுவே தம் தோழர் ஜயர்சின்யோவை நிற்க வைத்தார். இவர் பந்தை அடித்த கணத்திலே தோழர் குனிந்துகொண்டார். சுவரில் விழுந்த ஓட்டை வழியே பந்து கோலுக்குள் பாய்ந்தது. அடித்தவர் ஒருவர், வழி விட்டவர் இன்னொருவர். ஏட்டிலே ஒரு பெயர்தான் எழுதப்பட்டது.

ஜிக்கோவும் பிரான்சின் மிஷெல் பிளாட்டினியும் ஏறத்தாழ ஒரே காலத்தவர். இருவரும் வளைத்து அடிக்கும் வழியினர். ஜிக்கோ பயிற்சி முடிந்த பிறகும் திடலை விட்டுப் போகமாட்டார். கோலின் மேல் மூலையிலே ஒரு சட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, அதைக் குறிபார்த்து அடித்துப் பழகினார். 1982 உலகக் கிண்ணத்திலே ஸ்காட்லாந்துக்கு எதிராக அவர் மேல் மூலையில் வைத்த பந்து அந்தச் சட்டை இருந்த இடத்துக்குத்தான் போனது என்று சொன்னால் மிகையாகாது. பிளாட்டினியோ ஆள் உயரப் பொம்மைகளைச் சுவர் போல நிறுத்தி, அவற்றின் தலைக்கு மேலே அடித்துப் பழகியவர். 1981 நவம்பரில் நெதர்லாந்துக்கு எதிராக அவர் அடித்த ஃப்ரீ கிக் பிரான்சுக்கு உலகக் கிண்ண வழியைத் திறந்தது. 1984 ஐரோப்பிய இறுதியாட்டத்திலே ஸ்பெயினுக்கு எதிராக அவர் அடித்த ஃப்ரீ கிக்கும் கோலானது. ஆனால் அது கோல் காவலரின் பிடியிலிருந்து நழுவி உள்ளே உருண்டது. இரண்டும் ஏட்டிலே ஒவ்வொரு கோல்தான். எண்ணிக்கையை மட்டும் வைத்து வீரர்களை ஒப்பிட முடியாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இன்னொரு கருத்தையும் இங்கே சொல்ல வேண்டும். டிடி அடித்தது தோல் பந்து. மழை பெய்தால் நீரைக் குடித்துக் கனத்துவிடும். உலகக் கிண்ணத்திலே முழுதும் செயற்கைப் பொருளால் ஆன பந்து 1986இல்தான் முதலில் வந்தது. பின்னர் பந்துகள் மேலும் வழுவழுப்பாயின. காற்றிலே கூடுதலாக ஆடின. ஆகவே தாத்தா காலத்து வீரரையும் பேரன் காலத்து வீரரையும் ஒரே தராசில் நிறுக்கும்போது பந்தையும் சேர்த்து நிறுக்க வேண்டும்.

பிரேசிலின் ரொபெர்த்தோ கார்லோஸ் அடித்த ஃப்ரீ கிக்கை அறியாதவர் குறைவு. 1997 ஜூன் 3ஆம் நாள், பிரான்சின் லியோன் நகரிலே, ஏறத்தாழ 35 மீட்டர் தூரத்திலிருந்து இடக்காலால் அடித்தார். பந்து சுவருக்கு வெகு வலப்புறமாகப் போனது. கோலுக்குப் பக்கத்திலே தள்ளி நின்ற பந்து எடுக்கும் பையன் தன்மேல் படும் என்று தலையைக் குனிந்தான். அந்தப் பந்து வளைந்து திரும்பிக் கம்பத்தைத் தொட்டு உள்ளே போனது. கோல் காவலர் பார்த்தேஸ் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. 2010இல் பிரெஞ்சு இயற்பியல் அறிஞர்கள் இதை ஆராய்ந்து, சுழலும் பந்து நெடுந்தூரம் சென்றால் அதன் வேகம் குறையக் குறைய வளைவு கூடிக்கொண்டே போகும் என்று காட்டினர். தூரந்தான் அந்த அதிசயத்தைச் செய்தது. ஆனால் அப்படியொரு கோல் மறுபடி அவர் காலிலிருந்து வரவில்லை.

இங்கிலாந்தின் டேவிட் பெக்கத்தின் கதை வேறு வகை. 2001 அக்டோபர் 6ஆம் நாள், மான்செஸ்டரிலே கிரீஸ் நாட்டுக்கு எதிரான ஆட்டம். தோற்றால் உலகக் கிண்ணத்துக்கு நேரே போக முடியாது. ஆட்ட நேரம் முடிந்து கூடுதல் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கடைசியாகக் கிடைத்த ஃப்ரீ கிக்கை அவர் மேல் மூலையில் வைத்தார். ஆட்டம் 2க்கு 2 எனச் சமமானது. இங்கிலாந்து உலகக் கிண்ணத்துக்குப் போனது. இதை எல்லாரும் சொல்வர். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அதே ஆட்டத்திலே அதற்கு முன்பு அவர் அடித்த பல ஃப்ரீ கிக்குகள் வீணாய்ப் போயின. அத்தனையையும் தவறவிட்ட பிறகும், கடைசிப் பந்தின் முன்னே நிற்க அவர் தயங்கவில்லை.

எண்ணிக்கையிலே சிலரைக் குறிப்பிட வேண்டும். யூகோஸ்லாவிய வீரர் சினிசா மிஹைலோவிச் இத்தாலியின் முதல் பிரிவிலே 28 ஃப்ரீ கிக் கோல்கள் அடித்தார். 1998 டிசம்பரில் சம்ப்தோரியா குழுவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள். மூன்றும் ஃப்ரீ கிக். பிரேசிலின் சாவோ பாவ்லோ குழுவின் ரொஜெரியோ செனி என்பவரோ கோல் காவலர்! தம் கோலை விட்டு ஓடி வந்து எதிரியின் கோலுக்கு ஃப்ரீ கிக் அடிப்பார். அடித்துவிட்டுத் திரும்ப ஓடுவார். 2011 மார்ச்சில் அவர் அடித்த 100ஆவது கோலும் ஃப்ரீ கிக்தான். மெஸ்ஸி அறுபதுக்கும் மேற்பட்ட ஃப்ரீ கிக் கோல்களை அடித்துள்ளார். இளமையில் அவர் இதற்குப் பேர் போனவர் அல்லர். ஆண்டுகள் போகப் போகத்தான் கைவந்தது. கிறிஸ்தியானோ ரொனால்டோ 2018 உலகக் கிண்ணத்திலே ஸ்பெயினுக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் அடித்த ஃப்ரீ கிக் போர்த்துகலைத் தோல்வியிலிருந்து காத்தது.

இவர்களுக்கு நடுவே ஜுனினோ பெர்னாம்புகானோ என்ற பிரேசில் வீரரை நம் பிள்ளைகள் அவ்வளவாக அறியமாட்டார்கள். 2001 முதல் 2009 வரை பிரான்சின் லியோன் குழுவுக்கு ஆடினார். அக்குழுவுக்காக அவர் அடித்த 100 கோல்களில் 44 கோல்கள் ஃப்ரீ கிக் மூலம் வந்தவை. பக்கத்திலிருந்தும் அடித்தார், வெகு தூரத்திலிருந்தும் அடித்தார். சுழற்றியும் அடித்தார், சுழலாமலும் அடித்தார். இத்தாலியின் அந்திரேயா பிர்லோ, ஜுனினோவின் அடிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து, பந்தை எந்த விரல்களால் எப்படித் தொடுகிறார் என்று ஆராய்ந்து, தாமும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டதாகத் தம் நூலிலே எழுதியிருக்கிறார். பார்த்து, கூர்ந்து, பழகிக் கற்கக்கூடிய வித்தை இது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி ஆசியாவுக்கு வருவோம். ஆசியர்கள் உடலிலே சிறியவர்கள், ஐரோப்பியரோடு மோத முடியாது என்று ஒரு காலத்திலே பேசப்பட்டது. ஃப்ரீ கிக்கிலே மோதலே இல்லையே! 2006 நவம்பரில் ஜப்பானின் ஷுன்சுகே நகமுரா, ஸ்காட்லாந்தின் செல்டிக் குழுவுக்காக ஆடி, மான்செஸ்டர் யுனைடெட் குழுவை ஒரே ஃப்ரீ கிக்கினால் வீழ்த்தினார். 2010 உலகக் கிண்ணத்திலே ஜப்பானின் ஹோண்டாவும் எண்டோவும் டென்மார்க்கின் நெட்டையான ஆட்டக்காரர்களுக்கு எதிராக ஆளுக்கொரு ஃப்ரீ கிக் கோல் அடித்தனர். ஹோண்டாவின் பந்து சுழலாமல் ஆடிக்கொண்டு போனது; எண்டோவின் பந்து சுவரைச் சுற்றி வளைந்து போனது. ஒரே ஆட்டத்திலே இரண்டு வழிகளையும் உலகம் கண்டது.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களும் கேளுங்கள். 2011 மகளிர் உலகக் கிண்ணத்திலே ஜப்பானின் முதல் ஆட்டம் நியூசிலாந்துக்கு எதிரானது. உயரம் குறைந்த அயா மியாமா என்ற வீராங்கனையின் ஃப்ரீ கிக்தான் அந்த ஆட்டத்தை வென்று தந்தது. அந்த ஆண்டு உலகக் கிண்ணத்தை ஜப்பானிய மகளிரே வென்றனர். வளைத்து அடிக்கும் வித்தை, அடிப்பவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை.

நம் நாட்டின் காற்பந்து வரலாறும் சிறியதன்று. 1972 மூனிச் ஒலிம்பிக்கிலே மலேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எம். சந்திரன். வேகத்துக்கும் வலுவான அடிக்கும் மொக்தார் டஹாரி பேர் பெற்றார். கோலின் முன்னே நீண்ட கைகளோடு நின்று, சிலந்தி மனிதன் என்று மக்களால் அழைக்கப்பட்டவர் ஆர். ஆறுமுகம், 1988இல் சாலை விபத்திலே அவரை இழந்தோம். 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியா முதன்முறையாக வென்றபோது பயிற்றுநராக இருந்தவர் கே. ராஜகோபால். இந்த வரலாற்றிலே நம்மவர்களின் பெயர்களும் அழுத்தமாகவே எழுதப்பட்டுள்ளன.

ஃப்ரீ கிக்குக்கு வருவோம். 2014 டிசம்பர் 20ஆம் நாள், புக்கிட் ஜாலில் அரங்கிலே தென்கிழக்காசியக் கிண்ணத்தின் இறுதிச் சுற்று. முதல் ஆட்டத்திலே தாய்லாந்திடம் மலேசியா 2 கோல் வித்தியாசத்தில் தோற்றிருந்தது. அன்று குழுத் தலைவர் சஃபிக் ரஹிம் ஒரு பெனால்டியை அடித்தார். பின்னர் ஒரு ஃப்ரீ கிக்கையும் கோலாக்கினார். 3க்கு 0. மொத்தக் கணக்கிலே மலேசியா முந்திவிட்டது. அரங்கமே எழுந்து நின்றது. ஆனால் கடைசிப் பத்து நிமிடங்களில் தாய்லாந்து இரண்டு கோல்கள் அடித்துக் கிண்ணத்தைக் கொண்டு போனது. கிண்ணம் கைமாறிப் போனதால் அந்த ஃப்ரீ கிக் மறந்துபோனது. அடியின் அழகு குறைந்துவிட்டதா? இல்லை. வரலாறு வென்றவர்களின் அடிகளையே பெரும்பாலும் நினைவில் வைக்கிறது. ஒப்பிடுகிறவர்கள் இதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்து, நாம் தொடக்கத்தில் சொன்ன அந்த அடி. 2016 பிப்ரவரி 16ஆம் நாள். மலேசிய சூப்பர் லீக்கிலே பினாங்கும் பகாங்கும் மோதின. கெடாவைச் சேர்ந்த ஃபைஸ் சுப்ரி பினாங்குக்கு ஆடினார். கோலிலிருந்து வெகு தூரத்திலே கிடைத்த ஃப்ரீ கிக் அது. அங்கிருந்து பெரும்பாலோர் பந்தைத் தோழர்களின் தலைக்குத்தான் தூக்கி அனுப்புவர். அவர் நேரே கோலுக்கு அடித்தார். பந்து ஒரு பக்கம் போவது போலக் கிளம்பியது; கோல் காவலர் அதற்கேற்ப நகர்ந்தார். நடுவானிலே பந்து மனத்தை மாற்றிக்கொண்டது போல மறு பக்கம் திரும்பி, மேல் மூலையிலே இறங்கியது. நாம் சற்று முன்பு சொன்ன இரண்டாவது வழி இதுவே. பினாங்கு 4க்கு 1 என வென்றது.

அந்தக் காட்சி உலகெங்கும் பரவியது. அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனம் ஆண்டின் அழகிய கோலுக்கு வழங்கும் புஸ்காஸ் விருதுக்கு அது முன்மொழியப்பட்டது. பொதுமக்கள் வாக்களித்தனர். பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் ஃபைஸ் சுப்ரிக்கே விழுந்தன. 2017 ஜனவரி 9ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிலே, பிரேசிலின் பழைய நட்சத்திரம் ரொனால்டோ கையால் அவர் விருதைப் பெற்றார். அந்த விருதைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. உலகின் பெரிய பெரிய வீரர்கள் கீழே அமர்ந்திருக்க, மேடையிலே நின்று தாம் பேச வேண்டியதைக் கைப்பேசியிலே தேடித் தடுமாறினார். பார்த்தவர்கள் சிரித்தனர்; அந்தச் சிரிப்பிலே அன்பு இருந்தது. பந்தின் முன்னே தடுமாறாதவர் ஒலிவாங்கியின் முன்னே தடுமாறியதிலே குறையொன்றும் இல்லை.

இப்போது தீர்ப்புக்கு வருவோம். வீரர்களை எதைக் கொண்டு அளப்பது? நான்கு அளவுகோல்களைச் சொல்லலாம். எத்தனை கோல்? எவ்வளவு கடினமான அடி? எந்த நெருக்கடியில்? அவர் அடித்ததை மற்றவர் கற்றுக்கொள்ள முடிந்ததா?

கடினத்தை மட்டும் பார்த்தால் ரொபெர்த்தோ கார்லோசையும் நம் ஃபைஸ் சுப்ரியையும் ஒரே வரிசையில் நிறுத்தலாம். அதிலே நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. நெருக்கடியைப் பார்த்தால் டிடியும் பெக்கமும் முன்னே நிற்பர். எண்ணிக்கையையும் கற்பித்தலையும் சேர்த்துப் பார்த்தால் ஜுனினோவுக்கு இணை காண்பது அரிது. நான்கையும் கூட்டி ஒருவரைச் சொல் என்றால் நம் வாக்கு ஜுனினோவுக்கே. 44 முறை கோலாக்கியவருக்கு அது தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது. மற்றொருவர் பார்த்துக் கற்கும் அளவுக்குத் தெளிவான முறையையும் அவர் விட்டுச் சென்றார்.

அப்படியானால் ஃபைஸ் சுப்ரியின் இடம் எது? மின்னல் ஒரு முறை அடித்தாலும் ஊரே பார்க்கும். விளக்கு தினமும் எரிந்தால்தான் வீடு நடக்கும். அவர் அடித்தது மின்னல். ஜுனினோ ஏற்றியது விளக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதே வேளையில், அந்த மின்னல் வெறும் அதிர்ஷ்டமும் அன்று. சுழலாத பந்தை அடிக்கப் பழகாத கால், அத்தனை தூரத்திலிருந்து அதை அடிக்கத் துணியாது. அடி எங்கே முடியும் என்பது காற்றின் கையில் இருந்திருக்கலாம். எங்கே தொடங்கியது என்பது அவருடைய காலில் இருந்தது. ஆகவே அவரைச் சாமியாக்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். நம் நாட்டுத் திடலிலே, நம் நாட்டு லீக்கிலே ஆடிய ஒருவர் உலகின் கண்ணைத் திருப்பினார் என்பதே போதும். அடுத்த முறை அந்த வழக்கு எழும்போது அவர் பெயரையும் பிள்ளைகள் சொல்லட்டும். என்ன காரணத்துக்காகச் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்லட்டும்.

பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் பல வீடமைப்புத் திட்டங்களாயின. மாலையிலே பிள்ளைகள் ஓடியாடிய தோட்டத் திடல்களும் பல இடங்களில் அவற்றோடு போயின. பதினொரு பேர் ஆட இடம் இல்லாத அடுக்குமாடி வாசலிலே ஒரு பிள்ளை பந்தை வைத்துக்கொண்டு தனியாக நிற்பதைக் காண்கிறோம். ஃப்ரீ கிக்குக்குப் பதினொரு பேர் தேவையில்லை. ஒருவன் போதும், ஒருத்தி போதும். விலையுயர்ந்த காலணியும் கட்டாயமில்லை. ஜிக்கோவுக்கு உதவியது ஒரு பழைய சட்டை. பாடம் முடிந்த பிறகு அரை மணி நேரம் பந்து அடிப்பதால் படிப்பு கெட்டுவிடாது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதைப் பாடப் புத்தகத்தைவிடப் பந்து விரைவாகப் புரிய வைக்கும்.

எப்படிப் பழகுவது என்று கேட்கும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்லி முடிப்போம். வீட்டு ஜன்னலோ காரோ இல்லாத பக்கத்துச் சுவர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். பெரியவர்களின் அனுமதியைக் கேளுங்கள். அந்தச் சுவரிலே உங்கள் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போடுங்கள். பெரியவர் ஒருவரைப் பத்து எட்டு எடுத்து வைக்கச் சொல்லி, அங்கே பந்தை வையுங்கள். முதலில் வேகமாக அடிக்காதீர்கள். காலின் உட்புறத்தால் பந்தின் ஓரத்தைத் தொட்டு, அது எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். ஒரு மாலைக்கு இருபது அடி போதும். எத்தனை வட்டத்துக்குள் பட்டன என்று பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றிலே தேதியிட்டு எழுதி வையுங்கள். முதல் நாள் ஒன்றும் படாது. அதையும் சுழியம் என்று எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். உலக வீரர்களை ஒப்பிடுவதைக் காட்டிலும் அந்த ஒப்பீடு உங்களுக்கு அதிகம் சொல்லும்.